காலால் கூட்டும் சத்தம்

மார்ச் 12, 1987 – வியாழன்

ஸ்டோர்ஸில் இன்றும் நட்டும் போல்ட்டும் எண்ணினேன். கை போனவனுக்குக் கம்பெனி கொடுத்த வேலை இதுதான். வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் போய் எட்டு மாதம் ஆகிறது. தகரம் மடிக்கிற பிரஸ் மெஷின் என்னைக் கேட்டுக்கொண்டா எடுத்தது? எண்ணுவதற்கு மூன்று விரல் போதும் என்று சூபர்வைசர் முடிவு பண்ணியிருக்கிறார். மகராசன்.

சாயங்காலம் பூந்தமல்லியில் கங்காதரன் வீட்டில் ஒத்திகை. அவருடைய இன்னிசைக் குழுவில் ஒன்பது வருடமாக நான்தான் கிட்டார். விபத்துக்குப் பிறகு இன்றுதான் முதல் தடவை போனேன். தந்தியைத் தட்டுகிற பிளெக்ட்ரத்தைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடித்துக்கொள்கின்றன, அதில் குறையில்லை. போனது வேறு. தந்தியைத் தட்டும்போது சுண்டு விரலால் கிட்டாரின் வால்யூம் திருகை மூடி வைத்திருப்பேன். தட்டின சத்தம் வெளியே வராது. பிறகு மெல்லத் திறந்தால் சுரம் மட்டும் எங்கிருந்தோ எழுந்து வரும். வயலின் மாதிரி இருக்கிறது என்பார்கள். யாரோ அழுகிற மாதிரி இருக்கிறது என்பாள் என் மனைவி ஜெயகுமாரி. அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் அதை வாசிக்க நான் ஒருத்தன்தான். (திமிர்தான். இருக்கட்டும், என் டைரி.) கங்காதரன் ஒவ்வொரு கச்சேரியையும் அதில்தான் ஆரம்பிப்பார்.

இன்று தட்டிவிட்டுக் கையைத் திருகுக்குக் கொண்டுபோவதற்குள் சுரம் செத்துவிட்டது. மூன்று தடவை. நான்காவது தடவை திருகே கழன்று தரையில் உருண்டது.

"பரவால்ல தாசு. நீ கார்டு மட்டும் புடி, போதும்" என்றார் கங்காதரன்.

பாட்டுக்குப் பின்னால் கொத்தாகச் சுரம் அடித்து கார்டு பிடிக்க நான் எதுக்குய்யா? தெருவுக்கு நாலு பேர் கிடைப்பார்களே.

மார்ச் 15 – ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து வேம்புலி கடைக்குப் போனேன். ஆவடி மார்க்கெட் பக்கம் ரேடியோ ரிப்பேர் பார்க்கிறான். பள்ளிக்கூடத்திலிருந்து பழக்கம். எல்லாவற்றையும் அவனிடம் கொட்டினேன். ஒரு வால்வு ரேடியோவின் வயிற்றுக்குள் தலையை விட்டபடியே கேட்டுக்கொண்டிருந்தான்.

"கையி போனா இன்னா மாமே, காலு கீதில்ல? வால்யூம காலுக்கு எறக்கிட்டா முடிஞ்சுது" என்றான்.

எனக்கு ஏன் இது தோன்றவில்லை? எட்டு மாதமாகக் கையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மார்ச் 29 – ஞாயிறு

நேற்று லீவு போட்டுவிட்டு மவுண்ட் ரோடு, பர்மா பஜார் இரண்டும் சுற்றினேன். பார்த்தது இரண்டு பெடல். ஒன்று வெறும் வால்யூம். குதிகாலை அழுத்தினால் சத்தம் அடங்குகிறது, முன்பாதத்தை அழுத்தினால் எழும்புகிறது. எண்ணெயில் மிதக்கிற மாதிரி இருந்தது. இன்னொன்று ஜப்பான் சாமான், வா-வா பெடல். மிதிக்க மிதிக்க கிட்டார் வாய் திறந்து "வா... வா..." என்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்துப் பார்த்தேன். கடைக்காரர் விலையைச் சொன்னார். காலை எடுத்துவிட்டேன்.

எனக்குத் தேவை வால்யூம்தான். ஆனால் அந்த வா-வா மனசில் ஒட்டிக்கொண்டது. சுண்டு விரல் இருந்த காலத்தில்கூட என்னால் செய்ய முடியாத சத்தம் அது. இரண்டையும் ஒரே பெட்டியில் செய்துவிட்டால்? வேம்புலி முடியும் என்கிறான். ஸ்டீரியோ செட்டில் ஒரே தண்டில் இரட்டை வால்யூம் வருமாம். ஒன்று சத்தத்துக்கு, ஒன்று வா-வாவுக்கு. பக்கத்தில் ஒரு சுவிட்ச். எப்போது எது வேண்டுமோ தட்டிக்கொள்ளலாம்.

ஏப்ரல் 11 – சனி

இரட்டை வால்யூம் கிடைக்கும்வரை சோதனைக்காக ஒரு பழைய ரேடியோ வால்யூமைப் போட்டோம். அதில் ஆன்-ஆஃப் சுவிட்சும் சேர்ந்தே இருக்கிறது. ஒவ்வொரு சுரமும் பிறக்கும்போது 'டக்' என்கிறது.

"தாளம் ஃப்ரீயா வருது, உடு" என்கிறான் வேம்புலி. கடுப்பேத்துறான்.

மே 3 – ஞாயிறு

இரட்டை வால்யூம் வந்தது. 'டக்' போனது. ஆனால் முக்கால் தூரம் மிதிக்கும்வரை ஒன்றுமில்லை, கடைசி அரை அங்குலத்தில் தொண்டை கிழியக் கத்துகிறது. வயரை மாற்றிப் போட்டோம். இப்போது முதல் அரை அங்குலத்திலேயே கத்திவிட்டுப் பிறகு சும்மா இருக்கிறது. நான் கேட்கிறது நடுவில், மெல்ல. உலகத்தில் மெல்ல என்று ஒன்று கிடையாதா?

மே 24 – ஞாயிறு

சரியான வால்யூம் மூன்றாவது தடவையில் அகப்பட்டது. மிதிக்கும் அசைவு அதைத் திருப்ப வேண்டுமே. அதற்கு வேம்புலி ரேடியோவில் முள்ளை நகர்த்துகிற நூலையும் சின்ன ஸ்பிரிங்கையும் போட்டான். நூல் தண்டில் இரண்டு சுற்று சுற்றியிருக்கிறது. பலகை சாய்ந்தால் தண்டு திரும்புகிறது. சோக்காக இருக்கிறது. ஆனால் எல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில் கிடக்கிறது. காலை வைத்தால் நசுங்கிவிடும். நல்ல பெட்டி வேண்டும்.

ஜூன் 5 – வெள்ளி

தேவராஜ் வீட்டுக்கு வந்திருந்தான். பிரஸ்ஸில் எனக்குப் பக்கத்து மெஷினில் நின்றவன். கையில் நியூஸ்பேப்பர் சுற்றின ஒரு பொட்டலம்.

"அண்ணாத்தே, பெடலுக்குப் பொட்டி தேடுறியாமே. இந்தா. ஸ்க்ராப்பு ஷீட்டுல நானே மடிச்சேன்."

தகரப்பெட்டி. மூலை நான்கும் கச்சிதம், மூடிக்கு ஸ்க்ரூ ஓட்டைகூடப் போட்டிருக்கிறான். மடிப்பில் ஒரு கீறல் இருந்தது. அதை எனக்குத் தெரியும். ஆறாம் நம்பர் மெஷினின் டை என்கிற அச்சில் ஒரு வெட்டு உண்டு, அதில் அடித்த எல்லாவற்றிலும் அந்தக் கீறல் விழும். என் விரலை எடுத்ததும் ஆறாம் நம்பர்தான்.

"நல்லா கீது தேவராஜ்" என்றேன். அவன் போனதும் பொட்டலத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அதன் மேல் காலை வைத்து வாசிக்கணுமா நான்? செத்தாலும் மாட்டேன்.

ஜூன் 21 – ஞாயிறு

ஆசாரியிடம் சொல்லி மரத்தில் செய்தாகிவிட்டது. பாலிஷ் போட்டு, ஆர்மோனியப் பெட்டி மாதிரி மின்னுகிறது. ஜெயகுமாரி தடவிப் பார்த்துவிட்டு, "இதும் மேல காலு வெக்கிறது பாவங்க" என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டு பேரும் சிரித்தோம்.

ஜூலை 5 – ஞாயிறு

வால்யூம் பாதி தயார். வா-வாவுக்கு மட்டும் ஒரு கம்பிச் சுருள், காயில் என்பார்கள், வேண்டும். டிரான்சிஸ்டர் ரேடியோவில் வருகிற சின்ன டிரான்ஸ்பார்மரை அதற்குப் பயன்படுத்தலாமாம்.

"இப்ப ஸ்டாக் இல்ல. ரெண்டு வாரம் பொறு மாமே" என்றான் வேம்புலி.

ஜூலை 7 – செவ்வாய்

பொறுக்கவில்லை. எழுதவே கூசுகிறது.

ஜெயகுமாரி வானகரத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் அவளுடைய டிரான்சிஸ்டர் இருக்கிறது. கல்யாணத்துக்கு அவள் அம்மா கொடுத்தது. பகல் முழுக்க அதைப் பாடவிட்டுக்கொண்டுதான் ரவிக்கை தைப்பாள். எடுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு வாரத்தில் வேறு போட்டுவிடலாம் என்றுதான் திறந்தேன். டிரான்ஸ்பார்மர் வந்துவிட்டது. வரும்போது கை நழுவியது. பிடித்துக்கொள்ள வேண்டிய இரண்டு விரல் இல்லை. ஈயம் பற்றவைக்கிற சூட்டுக்கம்பி போர்டின் மேலேயே விழுந்து, எடுப்பதற்குள் செம்புக் கோடெல்லாம் கருகிச் சுருண்டுவிட்டது. இனி வேம்புலி மட்டுமில்லை, யார் வந்தாலும் அது பாடாது.

சாயங்காலம் திருப்பித் திருப்பி முள்ளை நகர்த்திப் பார்த்தாள். "இன்னாங்க, ரேடியோ பேசமாட்டேங்குது?"

"பழசாச்சில்ல. தானா கெட்டுப் பூட்டிருக்கும். வேம்புலிகிட்ட காட்டறேன்"ன்னு சொன்னேன். சொன்னேன்! மூஞ்ச பாத்தே சொன்னேன்.

ஜூலை 12 – ஞாயிறு

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். மற்ற பாவத்தையெல்லாம் சாமியாரிடம் சொன்னேன், ரேடியோவை மட்டும் சொல்லவில்லை.

ஜூலை 26 – ஞாயிறு

பெடல் வேலை செய்கிறது.

சுரம் வந்தது. தட்டின சத்தம் இல்லாமல், எங்கிருந்தோ, மெல்ல. ஒரு வருடத்துக்குப் பிறகு கேட்கிறேன். கண் கலங்கிவிட்டது, எழுத வெட்கமில்லை. சுவிட்சைத் தட்டினால் வா-வா. ஜப்பான்காரனுடையதைவிடக் கொஞ்சம் மூக்கடைப்பு. அதனால் என்ன.

ஒரே தொல்லை, பக்கத்து வீட்டு சொர்ணம் வைக்கிற ரேடியோ. நான் வாசிக்கும்போதெல்லாம் அடியில் முணுமுணுவென்று யாரோ பேசுகிற சத்தம். போய்ச் சண்டை போட்டேன்.

"யோவ், நான் ரேடியோவ தொட்டே ரெண்டு நாளாவுது. ஸொம்மா வந்து ராங்கு பண்ணாத" என்று கதவைச் சாத்தினாள். என்னமாய்ப் பொய் சொல்கிறாள். பொய்யைப் பற்றிப் பேச நான் யார் என்பது வேறு விஷயம்.

செத்த ரேடியோவின் மேல் ஜெயகுமாரி பூப்பின்னல் துணியைப் போட்டு மூடி வைத்திருக்கிறாள். வாரம் ஒரு தடவை தூசி தட்டுகிறாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆகஸ்ட் 16 – ஞாயிறு

பூந்தமல்லிக்குப் பெடலைத் தூக்கிக்கொண்டு போனேன். கங்காதரன் கண்ணை மூடிக் கேட்டார். அங்கே முணுமுணுப்பு ஒன்றும் இல்லை, சொர்ணம் இல்லாத ஊர் அல்லவா.

"செப்டம்பர் எட்டு மாதா கோயில் திருவிழா. உங்க ஆவடி சேக்காட்டுல தான். நீ ஆரம்பி" என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "அம்பத்தூர்ல ஒருத்தர் கீபோர்டு வெச்சிகினு கீறாரு. குழுவுல எல்லாரும் அவரையே கூப்புடச் சொல்றாங்க தாசு. அன்னிக்கி நல்லா வந்துச்சின்னா நான் பேசறேன். இல்லன்னா என் கையில ஒண்ணும் இல்ல" என்றார்.

கை பற்றி எல்லாரும் என்னிடமே பேசுகிறார்கள்.

செப்டம்பர் 8 – செவ்வாய்

எழுதிவிடுகிறேன். எழுதினால் தீருமா பார்க்கலாம்.

தேர் பவனி முடிந்து மைதானம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் சாமியார், கன்னியாஸ்திரீகள், ஜெயகுமாரி. மேடை பெரிசு என்று இருபதடி வயர் போட்டிருந்தேன். மாதா பாட்டுக்கு முதல் சுரம். எல்லாரும் அமைதி. குதிகாலை அழுத்தி, தந்தியைத் தட்டி, முன்பாதத்தை மெல்ல இறக்கினேன். சுரம் எழுந்தது. அதோடு கூடவே ஒரு ஆம்பளைக் குரலும் எழுந்தது, கணீரென்று:

"நெற்பயிரைத் தாக்கும் தண்டுத் துளைப்பானைக் கட்டுப்படுத்த..."

எனக்குப் புரியவில்லை. இன்னும் அழுத்தினேன். அவர் இன்னும் சத்தமாக, மருந்தை எப்போது தெளிப்பது என்று சொன்னார். பதறிப்போய் சுவிட்சைத் தட்டினேன். அது வா-வா. தண்டுத் துளைப்பான் வாயைத் திறந்து திறந்து மூடினான். மைதானம் முழுக்கச் சிரிப்பு. சாமியார்கூடக் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அண்ணாத்தே! மூட்டப்பூச்சிக்கி மருந்து கீதா?" என்று எவனோ கத்தினான்.

கங்காதரன் மைக்கைப் பிடித்து ஏதோ சொல்லி, ஆர்மோனியத்தில் பாட்டை எடுத்துவிட்டார். நான் கார்டு பிடித்தேன். இரண்டு மணி நேரம். அடியில் அந்த ஆள் போய், செய்தி போய், வீணைக் கச்சேரி வந்தது.

மூஞ்ச எங்க வெச்சிக்கிறது? அந்த ஆயிரம் பேர்ல அவளும் உக்காந்துகினு இருந்தா. அவ சிரிக்கல. சிரிச்சிருக்கலாம்.

செப்டம்பர் 9 – புதன்

ஸ்டோர்ஸில் எல்லாரும் என்னை 'பூச்சி மருந்து' என்று கூப்பிடுகிறார்கள்.

செப்டம்பர் 20 – ஞாயிறு

வேம்புலி தலையில் அடித்துக்கொண்டான். "ரேடியோ ஸ்டேஷன் கோபுரம் ஆவடிலயே கீது. அத்தினி பெரிய கோபுரத்துக்குக் கீழ மரப்பொட்டில வெச்சா வராம இன்னா பண்ணும்? நீ நீட்டின வயரு ஏரியல் மாமே. தகரப்பொட்டில போட்டு எர்த்து குடுத்தா ஒரு பூச்சி உள்ள வராது. நான்தான் முன்னாடியே சொல்லிருக்கணும். பாலிஷ பாத்து மயங்கிட்டேன்."

தகரப்பெட்டி. கட்டிலுக்கு அடியில், அன்று தள்ளின இடத்திலேயே, இருக்கிறது. அன்றைக்கே அதில் போட்டிருந்தால்?

சொர்ணம் சொன்னது உண்மைதான். போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்கவில்லை.

அக்டோபர் 4 – ஞாயிறு

ஒன்றும் செய்யவில்லை. பெடல் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் அப்படியே கிடக்கிறது. தொடப் பிடிக்கவில்லை.

ஜெயகுமாரி தையல் மெஷினை ஜன்னலிலிருந்து இந்த மூலைக்கு நகர்த்தியிருக்கிறாள். கேட்டால், "இங்கதான் காத்து வருது" என்கிறாள். இங்கே எங்கே காற்று?

அக்டோபர் 18 – ஞாயிறு

பெடலை எடுத்தேன். உயிரே இல்லை. திருவிழாவுக்கு முதல் நாள் போட்ட புது பேட்டரி, அதற்குப் பிறகு தொடவே இல்லை, சுத்தமாகத் தீர்ந்திருக்கிறது. கடைக்காரன் பழசை ஏமாற்றித் தலையில் கட்டிவிட்டான். போய்த் திட்டிவிட்டு வேறு வாங்கி வந்தேன்.

அக்டோபர் 25 – ஞாயிறு

கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப்பெட்டியை எடுத்தேன். கீறலைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன். இரும்பு, அவ்வளவுதான். கையில் ஒன்றும் கடிக்கவில்லை. நாலு மாதத்துக்கு முன்னால் இதைச் செய்ய எனக்கு என்ன வந்தது?

எல்லாவற்றையும் மரத்திலிருந்து கழற்றித் தகரத்துக்கு மாற்றினேன். எர்த் கொடுத்தேன். முணுமுணுப்பு இல்லை. மூச்சு இல்லை. சுரம் மட்டும். ஒரு மணி நேரம் வாசித்தேன். இவ்வளவு சுத்தமாக சுண்டு விரல் இருந்தபோதுகூட வாசித்ததில்லை.

ஜெயகுமாரி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இப்ப அதுல வேற ஒண்ணும் வராதா?"

"வராது. சுத்தம்."

"நல்லதுங்க" என்று உள்ளே போனாள்.

நவம்பர் 1 – ஞாயிறு

பூந்தமல்லிக்குப் போனேன். தகரப்பெட்டியோடு பஸ்ஸில் நின்றுகொண்டே.

கூடத்தில் கீபோர்டு. அம்பத்தூர்க்காரர் நல்ல மனிதர், எழுந்து நின்று வணக்கம் சொன்னார். கங்காதரன் எனக்கு டீ கொடுக்கச் சொன்னார். வாசித்துக் காட்டினேன். எல்லாரும் அமைதியாகக் கேட்டார்கள். நன்றாக வந்தது, எனக்கே தெரியும்.

கீபோர்டுக்காரர், "அருமையா கீதுங்க. இத பாருங்க" என்று ஒரு பித்தானைத் தட்டி ஒரு கட்டையை அழுத்தினார். அதே சுரம். தட்டின சத்தம் இல்லாமல், எங்கிருந்தோ, மெல்ல. ஒரே விரலில். என்னைப் புண்படுத்தச் செய்யவில்லை, சந்தோஷத்தில் காட்டினார்.

கங்காதரன் வாசல்வரை வந்தார். "நீ ஒரு மாசம் முன்ன வந்திருந்தா..." என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

நவம்பர் 2 – திங்கள்

கல்லறைத் திருநாள். எல்லாருடைய கல்லறைக்கும் மெழுகுவர்த்தி ஏற்றினோம். விரலுக்கெல்லாம் கல்லறை கிடையாது.

நவம்பர் 15 – ஞாயிறு

கிட்டாரை உறையில் போட்டு அலமாரி மேல் ஏற்றிவிட்டேன். பெடலை ஏரியில் எறியலாம் என்று நினைத்தேன். அதற்கும் எழுந்து நடக்க வேண்டும்.

நவம்பர் 22 – ஞாயிறு

மத்தியானம் சாப்பிட்டுப் படுத்திருந்தேன். ஜெயகுமாரி ரவிக்கைக்கு ஊக்கு வைத்துக்கொண்டே கேட்டாள்.

"இன்னாங்க, ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே? அந்தப் பொட்டி மறுபடியும் பேசறதுக்கு வழி கீதா?"

"எந்தப் பொட்டி?"

"மரப்பொட்டி. திருவிழாவுக்கு அப்புறம் நீங்க வேலைக்குப் போனதும் போட்டுப் பாத்தேன். நல்லாத்தான் பேசுச்சு. தெனமும் கேட்டுகினுதான் தச்சேன். ஒரு தொடர் நாடகம் போய்க்கினு இருந்துச்சு. நீங்க தகரத்துக்கு மாத்தினீங்க, அதோட நின்னுடுச்சு. அந்தப் பொண்ணு ஊட்ட உட்டுப் போச்சா இல்லியான்னே தெரில."

பேட்டரி. தையல் மெஷின். காற்று.

எழுந்து உட்கார்ந்தேன். "ரேடியோவ நான்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியுங்க. அன்னிக்கி வானகரத்துலேருந்து வந்து கதவத் தொறந்தா ஊடு முழுக்க ஈயம் பத்தவெச்ச வாசன. தெரியாதா?"

"அப்ப ஏன் கேக்கல?"

ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னாள்: "அந்தக் கைய பாத்துகினு எப்பிடிங்க கேக்கறது?"

அழுதேன். அவள் எதிரிலேயே. அவள் பாட்டுக்கு ஊக்கு வைத்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 29 – ஞாயிறு

காலையில் பூசைக்குப் போகும் வழியில் சொர்ணத்திடம் மன்னிப்புக் கேட்டேன். "இதுக்கு நாலு மாசமா?" என்றாள்.

வந்து தகரப்பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் கழற்றினேன். மரப்பெட்டிக்குத் திரும்ப மாற்றினேன். எர்த் வயரை வெட்டிவிட்டேன். கிட்டார் மாட்டுகிற ஓட்டையில் அந்த இருபதடி வயரைச் சொருகி, மறுமுனையை ஜன்னல் கம்பிக்கு மேல் ஏற்றிக் கட்டினேன். கை நழுவிய இடத்திலெல்லாம் ஜெயகுமாரி பிடித்துக்கொண்டாள். புது பேட்டரி போட்டேன். வா-வா சுவிட்சை யாரும் தட்டிவிடாதபடி ஒட்டுத்துணி போட்டு ஒட்டினேன்.

மணி இரண்டே கால். நாடகம் நடக்கிறது. அந்தப் பெண் வீட்டை விட்டுப் போய்விட்டாளாம், எப்போது போனாள் என்றுதான் தெரியவில்லை. ஜெயகுமாரி தையல் மெஷினை ஒரு காலால் மிதிக்கிறாள். மெஷின் சத்தம் கூடும்போது இன்னொரு காலின் முன்பாதத்தைப் பெடலில் மெல்ல இறக்கிக் குரலைக் கூட்டிக்கொள்கிறாள். நிறுத்தினால் குதிகாலை அழுத்திக் குறைக்கிறாள். எனக்கு அந்த மெல்ல வர நாலு மாதம் ஆனது. அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

நாளைக்கு ஸ்டோர்ஸில் புது லோடு வருகிறது. எல்லாவற்றையும் எண்ண வேண்டும்.